கேட்காமல் உன் சீட்டை நான் ஆடினேன்

என் அருமை அண்ணா,

போன இடத்திலும் எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாய். கையில் இருக்கிற திருப்புளியைக் கீழே வை. கையைத் துடைத்துக்கொண்டு இதைப் படி. உன் தங்கை தனம் எழுதுகிறேன்.

கோயில் மலரில் உனக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்களாம். வருஷம் திரும்பிவிட்டது, அண்ணனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடு தனம் என்று கேட்டார்கள். இங்கே பர்மாவில், தாமுவேயில் தமிழ் பேசுகிற பிள்ளைகளுக்கே அதைப் படிக்கத் தெரியாது. மொத்தம் இருபது பேர் படித்தால் அதிகம். அந்த இருபது பேருக்கும் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் உனக்குச் செய்த ஒரு காரியம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் அண்ணியின் காகிதத்தில் என்னால் கையெழுத்துப் போட முடியாது.

ஆமாம், அண்ணிக்கும் உடம்பு சரியில்லை. பதறாதே. ஒன்றொன்றாகச் சொல்கிறேன்.

உன்னைத் தெரியாதவர்கள் யாராவது இதைப் படிப்பார்கள், அவர்களுக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேனே. என் அண்ணன் மணி, ஊருக்குள் ஒரு ஓட்டலில் வெளிநாட்டுக்காரர்களுக்கென்று நடந்த சூதாட்டக் கூடத்தில் மெஷின் மெக்கானிக். கூடத்தை மூடினபோது எல்லோரும் வேறு வேலை தேடி ஓடினார்கள். இவன் மட்டும் பழுதான வீடியோ போக்கர் பெட்டி ஒன்றைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கி, ஆறு ஆள் வைத்து நாலாவது மாடிக்கு ஏற்றிக்கொண்டு வந்தான். வாசலில் நின்ற மல்லிகா அண்ணி, "என் சக்களத்தி வந்தாச்சு, ஆரத்தி எடு தனம்" என்றாள். நான் அங்கேயே படியில் உட்கார்ந்து சிரித்தேன்.

கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் உன் வீட்டிலேயே தங்கிவிட்டவள் நான். மார்க்கெட்டில் மசாலாக் கடை, விட்டால் உன் வீடு. உங்கள் இருவருக்கும் பிள்ளை இல்லை. அந்த வீட்டில் நாம் மூன்று பேர், நாலாவதாக அந்தப் பெட்டி.

நீ செய்த முதல் வேலை, காசு போடுகிற துவாரத்தைத் தகடு வைத்து அடைத்தது. "நம்ம வீட்டுல காசுக்கு ஆட்டம் கிடையாது" என்று சொல்லிவிட்டாய். உட்காருகிறவருக்கு நாற்பது புள்ளி. தீர்ந்தால் எழுந்துபோக வேண்டும், அவ்வளவுதான். அதனால்தான் இரண்டாவது மாடி காதர் பாய்கூடத் தைரியமாக மேலே ஏறி வந்தார். "காசில்லாத ஆட்டம், கணக்குல வராது" என்று மேலே பார்த்துச் சொல்லிவிட்டு உட்காருவார்.

ஆட்டம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. திரையில் ஐந்து சீட்டு விழும். வேண்டியதை நிறுத்திக்கொள்ளலாம், வேண்டாததைத் தள்ளலாம். பொத்தானை அழுத்தினால் தள்ளின சீட்டுக்குப் பதிலாகப் புதுச் சீட்டு வரும். ஒரு ஜாக்கி ஜோடி இருந்தாலே போட்ட புள்ளி திரும்பிவிடும். ஒரே பூவில் பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் என்று ஐந்தும் சேர்ந்தால் ராயல். அதற்கு மேலே அந்தப் பெட்டியில் ஒன்றும் இல்லை.

கரண்டை இங்கே எல்லோரும் பர்மியரைப் போல மீ என்றுதான் சொல்வோம். மீ வந்துவிட்டால் தெருவே கத்தும். மற்ற வீட்டில் எல்லாம் தண்ணீர் மோட்டாரைப் போட ஓடுவார்கள், அரிசி வைக்க ஓடுவார்கள். நம் வீட்டில் நீ பெட்டியைப் போட ஓடுவாய். அண்ணி உன்னைத் திட்டிக்கொண்டே மோட்டாரைப் போடுவாள்.

புதிதாக யார் வந்து உட்கார்ந்தாலும் நீ ஆட்டத்தைச் சொல்லித் தர மாட்டாய். முதலில் ஒரு கேள்வி. "எதுக்கு உக்காந்திருக்கீங்க?" வந்தவர்கள் முழிப்பார்கள். ஜெயிக்கத்தான் என்பார்கள். நீ விட மாட்டாய். "ஜெயிக்கிறதுன்னா எது? ரொம்ப நேரம் உக்காந்திருக்கணுமா? ஒரே ஒரு தடவை பெருசா வரணுமா? தலைய உடைச்சுக்காம பொழுது போகணுமா? அதச் சொல்லுங்க, அப்புறம் எந்தச் சீட்ட நிறுத்துறதுன்னு நான் சொல்றேன்."

கீழ் வீட்டு டோ மியா காலையெல்லாம் நின்றுகொண்டு மொஹிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கிறவள். "கால் வலிக்கு உட்கார்ந்திருக்கிறேன், மீ போகிறவரைக்கும் என்னை எழுப்பாதே" என்றாள். அவளுக்கு நீ சொன்ன வழி வேறு. ஜோடி வந்தால் விடாதே, கைக்கு வந்த சின்னதை வைத்துக்கொள், ஒரு புள்ளிக்கு மேல் போடாதே. அவள் நாற்பது புள்ளியை வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருப்பாள், சில நாள் அங்கேயே குறட்டை விடுவாள்.

காதர் பாய்க்கு நேர் எதிர். மவுத்தாவதற்குள் ஒரு ராயல் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவருக்கு. "அப்படின்னா அஞ்சு அஞ்சு புள்ளியாப் போடுங்க பாய். அஞ்சு போட்டாத்தான் ராயலுக்கு முழுப் பரிசு. சீக்கிரம் எந்திரிக்க வேண்டி வரும், அழக் கூடாது" என்றாய். ஒரு நாள் நாலு சீட்டு வந்து நின்றது. பாய் பிஸ்மி சொல்லி விரலைக் கொண்டுபோனார். மீ போய்விட்டது. அன்றைக்கு அவர் மின்சார இலாகாவைத் திட்டின திட்டை இந்த மலரில் எழுத முடியாது.

நான் உட்கார்ந்தபோதும் கேட்டாய். உன்னை ஜெயிக்கணும் என்றேன். "அப்படின்னா உனக்கு எந்த வழியும் கிடையாது போ, கோவக்காரிக்கு ஏத்த ஆட்டம் இன்னும் கண்டுபிடிக்கல" என்று தலையில் தட்டினாய். அன்றைக்கு ஆட்டின் ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் எனக்கு விழுந்தது. ஐந்தாவது இஸ்பேட் ஜாக்கி. கையில் ஒரு ஜாக்கி ஜோடி இருக்கிறது, போட்டது நிச்சயம் திரும்பும். இஸ்பேட் ஜாக்கியைத் தள்ளினால் ராயலுக்கு ஒரு சீட்டுத்தான் பாக்கி. எதைச் செய்ய?

"புஸ்தகமெல்லாம் ஜோடிய உடைன்னுதான் சொல்லும்" என்றாய். "அது சரியான கணக்குத்தான். ஆனா அது நாள் பூரா, வருஷம் பூரா ஆடுறவனுக்கு எழுதின கணக்கு. உனக்கு இன்னும் அரை மணி நேரம்தான் மீ இருக்கு. இந்த அரை மணிக்கு என்ன வேணுமோ அத வச்சு முடிவு பண்ணு. அடுத்தவன் உடைச்சான்னு நீ உடைக்காத, அடுத்தவன் நிறுத்தினான்னு நீ நிறுத்தாத." நான் உடைத்தேன். கிளாவர் மூன்று வந்தது. நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

இப்படிப்பட்ட உன்னைத்தான் அண்ணா, நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வயிற்றுவலி என்று நீ சாப்பாட்டைக் குறைத்தது, ஸ்கேன் எடுத்தது எல்லாம் உனக்குத் தெரியும். ஸ்கேன் காகிதத்தை வாங்க நான்தான் போனேன். ஆஸ்பத்திரி நடையில் வைத்து டாக்டர் சயா என்னிடம் சொன்னார். கல்லீரலை ஒட்டி ஒரு கட்டி, கெட்ட கட்டி. அறுத்து எடுத்தால் முழுக்கக் குணமாகவும் வழி உண்டு, மேஜையிலேயே போய்விடவும் வழி உண்டு. அறுக்காமல் மருந்தில் வைத்திருந்தால் நிச்சயம் தீராது, ஆனால் வலி தெரியாமல் கொஞ்ச காலம் வீட்டில் இருப்பார். கடைசியாக அந்த மனிதர் தெளிவாகத்தான் சொன்னார்: "உங்க அண்ணனிடம் பேசிவிட்டு வந்து சொல்லுங்கள்."

நம் ஆட்கள் அந்த நோயின் பேரை நோயாளி காதில் போட மாட்டார்களே. அப்பாவிடம் சொல்லவில்லை, பெரியப்பாவிடம் சொல்லவில்லை. பேரைக் கேட்டாலே ஆள் பாதி போய்விடுவான் என்று நினைப்பு. நான் வீட்டுக்கு வந்து, "வயித்துல புண்ணாம் அண்ணா, சின்ன ஆபரேஷன் பண்ணினாச் சரியாயிடுமாம்" என்றேன். அண்ணியிடம் மட்டும் அடுப்படியில் உண்மையைச் சொன்னேன். அவள் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். "எனக்கு ஒண்ணும் புரியல தனம், நீயே பாத்து முடிவு பண்ணு" என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்குப் போனேன். பூக்கட்டிப் பார்த்தேன். வெற்றிலையில் வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் ஆபரேஷன், சிவப்பு வந்தால் வேண்டாம். அம்மன் காலடியில் போட்டுக் கும்பிட்டு, விளக்கேற்ற வந்திருந்த ஒரு சின்னப் பெண்ணை எடுக்கச் சொன்னேன்.

வெள்ளை வந்தது என்று வீட்டில் வந்து சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? திருநீறு பூசிவிட்டேன். நீ என் முகத்தையே பார்த்தாய்.

முதலில் சிவப்புத்தான் வந்தது, அண்ணா.

என்னால் தாங்க முடியவில்லை. நீ இல்லாமல் போகப் போகிறாய் என்று அம்மனே எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது. பொட்டலத்தைத் திரும்பக் கட்டி, குலுக்கிப் போட்டு, "இன்னொரு தடவை எடும்மா" என்றேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது. "எடுத்தாச்சே ஆன்ட்டி" என்று பர்மியில் சொன்னது. அதட்டினேன். மறுபடி எடுத்தது, வெள்ளை வந்தது. அந்தப் பிள்ளையின் கையில் ஒரு ஆரஞ்சைக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்துவிட்டேன்.

வீட்டில் சூதாட்டப் பெட்டி வைத்திருந்தது நீ. சூதாடினது நான். அதுவும் கள்ள ஆட்டம்.

ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர் கையெழுத்துக்கு அண்ணி பேனாவை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிப் போட்டேன். உன்னைத் தள்ளிக்கொண்டு போகும்போது ஏதாவது சொல்வாய் என்று கூடவே ஓடி வந்தேன். "மீ வர்றப்ப பெட்டிய ஒரு தடவை போட்டு விடு தனம். மழைக்காலம், உள்ளே பூஞ்சை பிடிச்சிரும்" என்றாய். அவ்வளவுதான். இதுவா அண்ணா கடைசி வார்த்தை? மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்தாய், அப்புறம் போய்விட்டாய்.

கருமாதி அன்றைக்கு எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் போன பிறகு காதர் பாய் மட்டும் போகாமல் நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"தனம், ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க பாய்."

"மணிக்கு எல்லாம் தெரியும்மா. அந்த ஸ்கேன் காகிதத்த நீ அரிசி டின்னுல வச்சிருந்தியாம். எடுத்துப் படிச்சிருக்கான். இங்கிலீஷ்ல மெஷின் புஸ்தகம் படிக்கிறவனுக்கு அது படிக்கத் தெரியாதா?"

"தெரிஞ்சு என்ன சொன்னாங்க?"

"நான் கேட்டேன், உனக்கு என்ன வேணும் மணின்னு. ஊரெல்லாம் கேட்டியே, ஒன்ன ஒருத்தரும் கேக்கலியேன்னு கேட்டேன். சிரிச்சான். எனக்குக் காலம்தான் வேணும் பாய், எவ்வளவு கிடைக்குதோ அவ்வளவு போதும்னான். மீ வர்றப்ப பெட்டி முன்னால உக்காந்துக்கிட்டு, மல்லிகா போடுற டீயக் குடிச்சிக்கிட்டு, இருக்கிற ஜோடிய விடாம ஆடிட்டுப் போயிருவேன்னான்."

"அப்ப ஏன் பாய் ஒத்துக்கிட்டாங்க? எங்கிட்ட வேணாம்னு சொல்லலியே!"

"தனம் கோயிலுக்குப் போயிப் பூக்கட்டிப் பாத்துட்டு வந்து நிக்கிது பாய், அது மூஞ்சியப் பாத்து எப்படி வேணாம்கிறதுன்னு சொன்னான்மா."

பாயை நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். அப்பவே வந்து சொல்லியிருக்கக் கூடாதா, இரண்டு மாடி ஏறி வர உங்களுக்குக் கால் இல்லையா என்று கத்தினேன். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கிப் போனார். அப்புறம் இரண்டு மாதம் அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

உன் மேலும் எனக்குக் கோபம்தான். இப்போதும் இருக்கிறது. வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தாய்? தங்கச்சி முகம் வாடும் என்று வயிற்றைக் கிழிக்கக் கொடுப்பாயா? தனம், எனக்கு வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்திருப்பேன். அப்புறம் கேட்டிருப்பேன், இல்லையா? கேட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

நீ சொன்ன மாதிரியே பெட்டியை நாங்கள் போட்டுவிடுகிறோம். டோ மியா வருவதில்லை, உன் நாற்காலியைப் பார்த்தால் அழுகை வருகிறதாம். உன் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஒன்று தெரியுமா? அண்ணி ஆட ஆரம்பித்துவிட்டாள். நீ இருந்தவரைக்கும் அந்தப் பெட்டியைத் தூசி துடைக்கக்கூடத் தொடாதவள், மீ வந்ததும் மோட்டாரைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துகொள்கிறாள். ஆட்டம் மகா மோசம். ஐந்து ஐந்து புள்ளியாகப் போடுகிறாள். வந்த ஜோடியை எல்லாம் உடைக்கிறாள். பத்து நிமிஷத்தில் புள்ளி தீர்ந்து எழுந்துவிடுகிறாள். "ஜோடிய ஏன் அண்ணி எறியிறீங்க?" என்று கத்துவேன். "எனக்கு இது பிடிச்சிருக்கு" என்பாள். புருஷன் போன துக்கத்தில் புத்தி கலங்கியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மழை விட்ட பிறகு அண்ணிக்குப் படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. இரண்டாவது மாடியில் பாய் ஒரு நாற்காலி போட்டு வைத்தார், அதில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி வருவாள். அந்த நாற்காலியால்தான் பாயோடு மறுபடி பேசினேன். போன மாதம் அந்த நாற்காலி வரைக்கும்கூட ஏற முடியவில்லை, ஆட்கள்தான் தூக்கி ஏற்றினார்கள். இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போய்விட்டதாம்.

இந்தத் தடவை சயாமா, பெண் டாக்டர். என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டாள். நெஞ்சைத் திறந்து வால்வை மாற்றலாம், ஆனால் அண்ணியின் உடம்புக்கு அது பெரிய காரியம், எழுந்திருப்பாள் என்று சொல்ல முடியாது. மாத்திரையில் வைத்திருக்கலாம், வீட்டோடு இருந்தால் ஓரளவு ஓடும், படி ஏறக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. அதே ஆஸ்பத்திரி, அதே நடை. சுவருக்குக்கூட வேறு வண்ணம் அடிக்கவில்லை.

மாவ்பியில் இருக்கிற சித்தப்பா மகன் போன் பண்ணினான். "அண்ணிகிட்ட ஒண்ணும் சொல்லிறாதக்கா, பயத்துலயே போயிருவாங்க. மாத்திரையே போதும்னு நீயே சொல்லிரு" என்றான். வை போனை என்றேன். ஆனால் மனசுக்குள் நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ காலம்தானே கேட்டாய், எனக்குப் புத்தி வந்துவிட்டது, அண்ணிக்கு அதையாவது கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். மாத்திரை, ஓய்வு, வீட்டோடு இருக்கட்டும். கேட்பதற்கு முன்னாலேயே பதிலை எழுதி வைத்துவிட்டேன். பார்த்தாயா, என்னைத் திருத்த முடியாது.

மறுநாள் மத்தியானம் அண்ணி முறத்தில் பருப்புப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சயாமா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொல்லி, உங்களுக்கு என்ன வேணும் என்று கேட்டேன். சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்த முடியாமல் பூக்கட்டிப் பார்த்த கதையையும் சொல்லிவிட்டேன். சிவப்பு வந்ததை, அந்தப் பெண்ணை அதட்டினதை, பாய் சொன்னதை, எல்லாவற்றையும்.

அண்ணியின் கை பருப்பிலேயே நின்றுவிட்டது.

"இத எங்கிட்ட எதுக்குச் சொல்ற?" என்றாள். "அவுக வயித்தத்தானே கிழிச்சாக. அவுககிட்டச் சொல்லு."

முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சோறு போட்டு வைப்பாள், கூப்பிட மாட்டாள். மன்னித்துவிட்டேன் என்று இன்றுவரைக்கும் சொல்லவில்லை, அண்ணா. நானும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் பால்கனியில் நின்று கீழே தொங்குகிற கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காய்கறிக்காரன் பையைக் கட்டுவானே, மேலே இழுப்போமே, அந்தக் கயிறு.

"தனம், மாத்திரைன்னா நான் படி இறங்கவே கூடாதுல்ல?"

"ஆமா அண்ணி. எறங்கிட்டா ஏறணுமே."

"கயித்துல கட்டி அனுப்புறத இழுத்துத் தின்னுட்டு, இந்த நாலு சுவத்துக்குள்ள உக்காந்திருக்கணும்."

"நான் இருக்கேன்ல அண்ணி. டோ மியா வரும். பாய் வருவாரு. ஒங்களுக்கு என்ன வேணுமோ நான் வாங்கிட்டு வரேன்."

"எனக்கு ஆபரேஷன் பண்ணச் சொல்லு."

எனக்குக் காதில் விழவே இல்லை. திரும்பச் சொன்னாள். நான் கத்தினேன், அண்ணா. பைத்தியமா உங்களுக்கு, அதே மேஜையில் போய்ப் படுப்பேன் என்கிறீர்களே, அண்ணன் போனது போதாதா என்று தெருவே கேட்கிற மாதிரி கத்தினேன். எதிர் வீட்டுக்காரர்கள் பால்கனிக்கு வந்துவிட்டார்கள்.

அண்ணி குரலை உயர்த்தவில்லை. "என்ன வேணும்னு நீதான கேட்ட?"

"கேட்டேன்."

"அப்புறம் என்ன? அவுகளுக்கு உக்காந்திருக்கணும். உக்காந்தே இருந்த மனுசன். எனக்கு அப்படி இல்ல தனம். பதினெட்டு வயசுல இந்த மாடி ஏறினேன். மாமியாப் பாத்தேன், மாமனாரப் பாத்தேன், அவுகளப் பாத்தேன், ஒன்னப் பாத்தேன். ஆத்துக்கு அக்கரையில டாலாவுல எங்க அக்கா இருக்கா. படகுல ஏறினா எவ்வளவு நேரம்? வருசத்துக்கு ஒரு தடவகூடப் போனதில்ல. இப்பத்தான் என் நேரம் எனக்கு வந்திருக்கு. படி எறங்கணும், படகு ஏறணும், அக்கா வீட்டுல நாலு நாள் தங்கணும். அது கிடைச்சாக் கிடைக்கட்டும். இல்லேன்னா போயிட்டுப் போறேன். மூச்சு வாங்கிக்கிட்டு இங்க கிடக்கிறது எனக்கு வேணாம்."

அப்போதுதான் அவள் ஜோடியை எறிந்துகொண்டே இருந்தது எனக்கு உறைத்தது. ஒரு வருஷமாக என் கண் முன்னால் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அவளை ஆட்டம் தெரியாதவள் என்று அதட்டிக்கொண்டிருந்தேன்.

எனக்கு அண்ணி வேண்டும். அதை உன்னிடம் மறைக்க முடியாது. படி இறங்காவிட்டால் என்ன, மூச்சு வாங்கிக்கொண்டு நாற்காலியில் கிடந்தால்கூட எனக்குப் போதும். கடையிலிருந்து வந்தால் என்னைத் திட்ட ஒரு ஆள் வேண்டும். அவளும் போய்விட்டால் அந்த நாலாவது மாடியில் நான் யாரோடு சண்டை போடுவேன்? இது என் ஆசை. உன் ஆபரேஷனும் என் ஆசைதான், நீ இல்லாமல் இருக்க முடியாதவளுடைய ஆசை. அன்றைக்கு உன்னை மேஜைக்கு அனுப்பினதும் இன்றைக்கு அவளை வீட்டில் பூட்டி வைக்கப் பார்த்ததும் ஒரே தனம்தான். இரண்டு தடவையும் என் ஆசையைத்தான் நான் கேட்டேன் என்பது உனக்குப் புரிகிறதா?

நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? அண்ணி சொல்வது சரி என்பாயா? உன் மல்லிகா, அதனால் உனக்கும் மனசு வராமல் போயிருக்குமா? நீயும் என்னை மாதிரிப் பொய் சொல்லியிருப்பாயோ?

நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள், சயாமாவிடம் அண்ணியே பேசினாள். கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டாள். நெஞ்சை எங்கே அறுப்பார்கள், எத்தனை நாள் படுக்கை, கண் திறக்காவிட்டால் என்ன செய்வார்கள் என்று கேட்டாள். நான் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காகிதத்தில் நோயாளி கையெழுத்தை அவளே போட்டுவிட்டாள். தமிழில் மல்லிகா என்று நிதானமாக எழுதினாள். கீழே சொந்தக்காரர் கையெழுத்துக்கு ஒரு கோடு இருக்கிறது. அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறது, காகிதம் இதோ என் மேஜையில்.

வரும் திங்கட்கிழமை காலையில் கூட்டிப் போக வேண்டும். டாலாவிலிருந்து அவள் அக்கா வருகிறாள். படகுத்துறையில் இருந்து சைக்கா ரிக்ஷா வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். பாய் ஆட்களைப் பிடித்து அண்ணியை நாற்காலியோடு கீழே இறக்கித் தருகிறேன் என்றார்.

இந்த எழுத்தை முடித்துவிட்டு அந்தக் கோட்டில் என் பேரை எழுதுவேன். கோயிலுக்குப் போனால் கும்பிட மட்டும்தான் போவேன், எதையும் கட்டிப் போட மாட்டேன். அந்த நடையில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன், எவ்வளவு நேரமானாலும் எழுந்திருக்க மாட்டேன். கதவு திறந்து நல்ல சேதி வந்தால், அண்ணி முதல் தடவையாகப் படகு ஏறுகிற அன்று நான் துறையிலேயே நின்றுவிடுகிறேன், கூடவே வருகிறேன் என்று நச்சரிக்க மாட்டேன். வேறு சேதி வந்தால் அழுவேன் அண்ணா, ஊரைக் கூட்டி அழுவேன். ஆனால் அது அவள் கேட்டு வாங்கின சாவு என்று யார் முன்னாலும் நிமிர்ந்து சொல்வேன். உன்னைப் பற்றி எனக்கு அப்படிச் சொல்ல வாய்க்கவில்லை. இது என் சத்தியம்.

உன்னைக் கேட்க வாய் வராமல் போன,
உன் ஒரே தங்கை,
தனம்